எந்த மேசையில் கேட்பது? மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் உதவி தேடுவோருக்கு

பிரதேச செயலகத்துக்குள் நுழைந்து "உதவி கேட்டு வந்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். வாசலில் இருப்பவர் கையைக் காட்டுவது பெரும்பாலும் சமுர்த்தி (ஏழைக் குடும்பங்களுக்கான அரச உதவித் திட்டம்) பிரிவுக்குத்தான். காது கேளாத பிள்ளைக்குக் கருவி கேட்டு வந்திருந்தாலும் அதே வரிசைதான். அரை நாள் போன பிறகு "இது எங்கட அலுவல் இல்லை, சோசல் சேர்விஸ் ஒபிசரைப் பாருங்க" என்பார்கள். அவர் அன்றைக்கு வெளிக்களத்தில் இருப்பார். வெல்லாவெளியிலோ வாகரையிலோ ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறி வந்தவருக்கு அதோடு மனம் விட்டுப்போகும். ஊருக்குத் திரும்பி "அங்க ஒண்டும் இல்லை" என்று சொல்லுவார். அதைக் கேட்ட நாலு பேரும் பிறகு போக மாட்டார்கள்.

உதவி இல்லாமல் இல்லை. அது எந்த மேசையில் இருக்கிறது, அந்த மேசைக்காரர் எந்த நாளில் கதிரையில் இருப்பார், என்ன கடதாசி கேட்பார் என்பதை ஒருவரும் எழுதி ஒட்டுவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் உங்கள் பிரிவின் பெயர்

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள், அம்பாறையில் 20. சிக்கல் தொடங்குவது பெயரிலேயே. நாம் களுவாஞ்சிகுடி என்போம். கடதாசியில் அது மண்முனை தெற்கு எருவில் பற்று. ஆரையம்பதி என்றால் மண்முனைப் பற்று, வவுணதீவு என்றால் மண்முனை மேற்கு, பட்டிப்பளை என்றால் மண்முனை தென்மேற்கு, மட்டக்களப்பு நகரம் மண்முனை வடக்கு. செங்கலடி ஏறாவூர்ப் பற்று. ஏறாவூர் நகர் வேறு செயலகம். கோறளைப்பற்று என்ற சொல்லோடு மட்டும் ஐந்து செயலகங்கள் இருக்கின்றன: வாழைச்சேனை, வாகரை, கிரான், ஓட்டமாவடி, கோறளைப்பற்று மத்தி. இணையத்தில் விண்ணப்பம் நிரப்புபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பிரிவு பிழைத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதுகூட இல்லை, பக்கத்துச் செயலகத்தின் கணினியில் யாரும் பார்க்காமல் கிடக்கும்.

அதற்குக் கீழே கிராம உத்தியோகத்தர் பிரிவு. அதற்கு ஒரு பெயரும் ஒரு இலக்கமும் உண்டு, இரண்டையும் எழுதி வையுங்கள். ஒரே ஊரில் இரண்டு மூன்று பிரிவுகள் வரும், ஒழுங்கையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்றும் வரும். வாடகைக்கு இருப்பவர்கள், கலியாணம் முடித்து வந்தவர்கள், வெள்ளத்துக்குப் பிறகு காணி மாறியவர்கள் எல்லோரும் தங்கள் பதிவு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வசிப்பது ஓரிடம், வாக்காளர் இடாப்பில் பெயர் வேறிடம் என்றால், இங்கத்தைய விதானையார் (கிராம உத்தியோகத்தர்) "உங்கட பதிவு அங்க" என்பார், அங்கத்தையவர் "நீங்க இப்ப இங்க இல்லையே" என்பார். இருவர் சொல்வதும் சரிதான். பதிவை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. அந்தப் படிவம் வீட்டுக்கு வரும்போது வாங்கி மூலையில் போட்டு வைப்பவர்கள்தான் அடுத்த வருசம் பள்ளிக்கூட அனுமதிக்கும் வதிவிடச் சான்றிதழுக்கும் அலைகிறார்கள்.

அம்பாறையில் இன்னொரு முடிச்சு. கரையோரத்துத் தமிழ் பேசும் ஊர்களுக்குக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) அம்பாறை நகரத்தில் இருந்தாலும், சுகாதாரத்துக்கு அம்பாறைக்குப் போகத் தேவையில்லை. கல்முனையில் தனியான பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை உண்டு. கல்வியிலும் அப்படித்தான், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று தனித்தனி வலயங்கள். மட்டக்களப்பில் படுவான்கரை (வாவிக்கு மேற்குப் பக்கம்) பாடசாலைகளுக்கு மட்டக்களப்பு மேற்கு வலயம், களுவாஞ்சிகுடிப் பக்கத்துக்குப் பட்டிருப்பு வலயம். ஆக, ஒரே வீட்டுக்குச் சுகாதார எல்லை ஒன்று, கல்வி எல்லை வேறு, நிர்வாக எல்லை வேறு. கல்முனை வடக்கில் உப பிரதேச செயலகமும் இயங்குகிறது. அதன் எல்லை நெடுநாள் இழுபறி. அந்தப் பகுதியில் இருப்பவர்கள் எந்த அலுவலை எந்த இடத்தில் கொடுப்பது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

கச்சேரியில் சிங்களப் படிவம் மட்டும் நீட்டினால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தருகிறது. அதைச் சண்டையாகக் கேட்கத் தேவையில்லை, ஆனால் விளங்காத போமில் கையெழுத்து வைக்கவே வேண்டாம்.

சபை வேறு, செயலகம் வேறு

பிரதேச சபை என்பது தேர்தலில் தெரிவாகும் உள்ளூராட்சி மன்றம். குப்பை, தெருவிளக்கு, உள்ளூர் வீதி, வடிகான், நூலகம், சந்தை, மயானம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றில் மாநகர சபை. காத்தான்குடி, ஏறாவூரில் நகர சபை. பிரதேச செயலகம் என்பது அரச நிர்வாகம். கொடுப்பனவு, காணி, பிறப்பு இறப்புப் பதிவு, அடையாள அட்டை, சமூக சேவை எல்லாம் அங்கே. விதவைத் தாய்க்கு உதவிப்பணம் கேட்டு சபைத் தவிசாளரிடம் கடிதம் கொடுப்பதும், தெருவிளக்கு எரியவில்லை என்று பிரதேச செயலாளரிடம் முறையிடுவதும் ஊர்களில் வழமையாக நடக்கிறது. இரண்டு கடிதமும் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்ற ஒரு வரியோடு பயணம் செய்துகொண்டே இருக்கும்.

செயலகத்துக்குள்ளேயே இன்னொரு கோடு உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. சில உத்தியோகத்தர்கள் மத்திய அரசின் ஆட்கள், சிலர் கிழக்கு மாகாணத்தின் ஆட்கள். ஒரே கட்டடம், பக்கத்துப் பக்கத்து மேசை, ஆனால் காசு வரும் வழி வேறு. மாதாந்தப் பொதுசன உதவிப்பணம், பெரியவர்கள் இன்னமும் பிச்சைச் சம்பளம் என்பார்களே, அது மாகாண சமூக சேவைத் திணைக்களத்தினுடையது. மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்குமான தேசிய செயலகங்கள் மத்திய அரசினுடையவை. சில செயலகங்களில் சமூக சேவை என்ற பெயரில் இரண்டு பேர் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒருவர் "நிதி இல்லை" என்றால், அது அவருடைய திணைக்களத்தின் நிதி. மற்றவரிடமும் கேட்டுவிட்டு வாருங்கள். மாகாணம் சம்பந்தப்பட்ட மேன்முறையீடு திருகோணமலைக்குப் போகும், மத்திய அரசு சம்பந்தப்பட்டது கச்சேரி வழியாகக் கொழும்புக்குப் போகும்.

நேரமும் முக்கியம். அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. சக்கர நாற்காலி, மலசலகூடம், வீடு திருத்தம், சுயதொழில் உபகரணம் போன்றவற்றுக்குப் பெப்ரவரி, மார்ச்சிலேயே பெயர் பட்டியலில் ஏற வேண்டும். ஒக்டோபரில் போனால் "அடுத்த வருசம் பார்ப்பம்" என்பார்கள், அதில் பொய் இல்லை. அதோடு நவம்பரிலிருந்து மழை. கிரான், வெல்லாவெளிப் பக்கங்களில் பாதை மூழ்கினால் உத்தியோகத்தர் வீடு பார்க்க வரவும் முடியாது, நீங்கள் போகவும் முடியாது. வருட ஆரம்பத்தில் இடமாற்றங்களும் நடக்கும். உங்கள் விசயத்தை வாயால் கேட்டு வைத்திருந்த மிஸ் வேறு செயலகத்துக்குப் போய்விட்டால் புதியவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் எல்லாமே கடதாசியில் இருக்க வேண்டும். அதைப் பற்றிக் கீழே.

எந்தத் தேவைக்கு யார்

அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு 2023 ஜூலையில் தொடங்கியது. சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அது வந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஆட்களைத் தெரிவு செய்வது சமுர்த்தி உத்தியோகத்தர் அல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு தலைப்புகளில் 22 சுட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். தொடக்கத்தில் நான்கு படிகள் இருந்தன: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். தொகைகள் பின்னர் மாற்றப்பட்டன, இப்போதைய தொகையைச் செயலகத்தில் நலன்புரி நன்மைகள் பிரிவில் கேளுங்கள், அல்லது 1924க்கு அழையுங்கள்.

பட்டியல் வெளிவந்ததும் இரண்டு வழி திறக்கும். பெயர் விடுபட்டாலோ குறைந்த படியில் போட்டிருந்தாலோ முறையீடு. தகுதி இல்லாதவருக்குக் கிடைத்திருந்தால் ஆட்சேபனை. இரண்டுக்கும் கடைசித் திகதி உண்டு. விண்ணப்பமே போடாதவர் முறையீடு செய்ய முடியாது, அடுத்த முறை விண்ணப்பம் கோரும்வரை பொறுக்க வேண்டும். "நாங்க ஏழை, எங்களுக்குத் தரவில்லை" என்று எழுதிய முறையீடு எந்தப் புள்ளியையும் மாற்றாது. எந்தத் தகவல் பிழையாகப் பதியப்பட்டது என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருவருக்கு நீடித்த நோய் இருக்க ஒருவர் என்று பதிந்திருக்கலாம். தகரக் கூரையை ஓட்டுக் கூரை என்று பதிந்திருக்கலாம். ஒரு வீட்டில் மகளின் குடும்பமும் இருந்து, எல்லோருடைய வருமானமும் ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கலாம். கிளினிக் கொப்பி, மின்சாரப் பட்டியல், வீட்டின் படம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று வையுங்கள். காசு வங்கிக் கணக்குக்கே வரும் என்பதால் கணக்கின் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

இந்தப் பெயர் விவகாரத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் முஹம்மது, அடையாள அட்டையில் முகம்மட், வங்கியில் வேறொன்று. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் இரண்டு. 2016 முதல் அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கமானது. பழைய ஒன்பது இலக்கமும் எழுத்தும் கொண்ட அட்டையில் பதிந்து, பிறகு புதிய அட்டை எடுத்தவர்களின் விபரம் இரண்டு ஆளாகத் தெரிவதும் உண்டு. "இருவரும் ஒருவரே" என்ற சத்தியக்கடதாசி சின்ன அலுவல்களுக்குப் போதும். நிரந்தரக் கொடுப்பனவு, காணி, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு அது தற்காலிக ஒட்டுத்தான். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அடையாள அட்டையைத் திருத்துங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு தரம் செலவு.

மாற்றுத்திறனாளி வீட்டில் இருந்தால், முதல் வேலை வைத்திய அதிகாரியின் கையெழுத்தும் சீலும் உள்ள படிவம். அந்தப் படிவத்தைச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் வாங்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சும்மா ஒரு துண்டில் எழுதி வாங்கினால் திருப்பிவிடுவார்கள். ஒரே நேரத்தில் மாதாந்தக் கொடுப்பனவு, உபகரணம், தொழிற்பயிற்சி மூன்றையும் கேட்கலாம், ஆனால் மூன்றும் தனித்தனி விண்ணப்பம். "எல்லாம் குடுத்திட்டன்" என்று நினைத்து ஒன்றோடு நிற்பவர்கள் பலர்.

60 வயதான எவரும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். பிள்ளைகள் கைவிட்ட பெற்றோருக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பராமரிப்புக் கேட்கும் வழி இருக்கிறது. ஊர் வாய்க்குப் பயந்து இதை ஒருவரும் கேட்பதில்லை. பிள்ளையை நீதிமன்றம் ஏற்றுவது போல நினைக்கிறார்கள். முதியோர் மேம்பாட்டு உத்தியோகத்தர் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவதோடு முடிகிற விசயங்களும் உண்டு.

வீட்டுக்குள் அடி, மிரட்டல் என்றால் பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகம், செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், பெரிய ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்று மூன்று கதவு உண்டு. காயம் இருந்தால் ஆஸ்பத்திரிக்கே முதலில் போக வேண்டும், அங்கே எழுதப்படும் பதிவு பிறகு வழக்கில் நிற்கும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இது எல்லா மதத்தவருக்கும் பொது. தாபரிப்பில் (மனைவி, பிள்ளைகளுக்கான பராமரிப்புப் பணம்) தான் வேறுபாடு: முஸ்லிம்கள் காதி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், மற்றவர்கள் நீதவான் நீதிமன்றத்துக்கு. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிலையம் உண்டு. வருமானத்தைக் கேட்பார்கள், கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றோடு போங்கள். அரச கந்தோருக்குப் போகவே தயங்கும் பெண்களுக்கு மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன, கூட வர ஆள் தருவதே பாதி உதவி. இரவில் என்றால் 1938 பெண்களுக்கு, 1929 சிறுவர்களுக்கு, 1926 மனநலத்துக்கு, 119 பொலிஸுக்கு, 1990 அம்புலன்ஸுக்கு. 1990 காசில்லாத சேவை. ஓட்டோ பிடித்து நோயாளியை மடக்கி ஏற்றுவதைவிட அதுதான் பாதுகாப்பு.

சிறுவர் விசயத்தில் இரண்டு உத்தியோகத்தர்களைக் குழப்ப வேண்டாம். பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, கற்றல் உபகரணம், ஆதரவில்லாத பிள்ளைக்கு உதவித்தொகை எல்லாம் செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். நீதிமன்றம், சிறுவர் இல்லம், பராமரிப்புப் பொறுப்பு என்று வந்தால் மாகாணத்தின் நன்னடத்தை உத்தியோகத்தர். தாய் வெளிநாடு போக ஆயத்தம் செய்யும் வீடுகளில் பிள்ளை யாரிடம் நிற்கும் என்று காட்டும் கடதாசி தேவைப்படலாம். அதை முகவர் "நான் பாத்துக்குவன்" என்று சொன்னால் நம்பி விடாமல் செயலகத்தில் நேரே கேளுங்கள்.

போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு ஒரு விசயம். இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள் அதனாலேயே வங்கிக் கணக்கு, காணி, பிள்ளையின் பொறுப்பு என்று எல்லாவற்றிலும் ஆண்டுக்கணக்காக மாட்டி நிற்கிறார்கள். 2016இல் வந்த சட்டத் திருத்தத்தால் "காணாமற்போனமைக்கான சான்றிதழ்" எடுக்க முடியும். அதை எடுப்பது ஆள் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாகாது, தேடுதலும் அதோடு நின்றுவிடாது. பதிவாளர் பிரிவில் கேளுங்கள்; காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது.

கர்ப்பிணி, கைக்குழந்தை, சத்துணவு, தடுப்பூசி என்றால் அலையவே தேவையில்லை, உங்கள் பகுதியின் குடும்பநல மாது வீட்டுக்கே வருவார். அவர் யார் என்று தெரியாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பிரிவின் பெயரைச் சொன்னால் போதும். வேலி, கொடுக்கல் வாங்கல், அயல் சண்டை மத்தியஸ்த சபைக்கு. வயல், உரம், பயிர் நட்டம் கமநல சேவை நிலையத்துக்கு.

ஊருக்குள் இருப்பவை

அரசு அசைய நாளெடுக்கும். அன்றைக்கே வேண்டிய உதவி ஊருக்குள்தான். மரண உதவிச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிருவாகமும் ஸகாத் குழுவும், தேவாலயப் பங்கு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம், விளையாட்டுக் கழகம் எல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்குப் பெயர்ப்பலகை இராது, செயலாளரின் வீடுதான் கந்தோர். மரண உதவிச் சங்கத்தில் சந்தா நிலுவை இருந்தால் மரணத்தன்று சங்கடம். கொட்டில், கதிரை, பாத்திரம் தருவார்கள், காசு தர மாட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கத் தயங்கிச் சேராமல் இருப்பதைக் காண்கிறோம். சேர்ந்துவிடுங்கள், சந்தா சிறியது.

கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு இன்னொரு பலம் இருக்கிறது. கிணறு, பாதை, பொதுக்கட்டடம் போன்ற வேலைகளுக்குச் செயலகம் பதிவு பெற்ற சங்கத்தோடுதான் பேசும். ஊரில் சங்கம் இருந்தும் கூட்டம் நடக்கவில்லை, கணக்கு ஒப்படைக்கவில்லை என்றால் பதிவு தூங்கிவிடும். வெள்ள நிவாரணப் பட்டியல் போடும்போதும் பொருள் பிரிக்கும்போதும் கிராம உத்தியோகத்தர் பெரும்பாலும் இந்தச் சங்கக்காரர்களைத்தான் கூட வைத்துக்கொள்வார். உங்கள் ஒழுங்கையில் இருந்து ஒருவரும் சங்கத்தில் இல்லை என்றால், உங்கள் ஒழுங்கை பட்டியலில் பிந்தும். வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவ முன்பு தண்ணீர் நின்ற அடையாளத்தையும் சேதத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கழுவிய பிறகு சேதம் காட்டச் சுவர்தான் மிச்சம். அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117.

கச்சேரி வாசலிலும் செயலகத்துக்கு எதிரிலும் போம் நிரப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எழுதத் தெரியாதவருக்கு அது உதவிதான், எழுத்துக் கூலி கொடுப்பதில் பிழையில்லை. ஆனால் உதவிப் படிவங்களுக்கு விலை இல்லை. "உள்ளுக்குக் குடுத்து முடிச்சுத் தாறன்" என்று காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உத்தியோகத்தரே கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

கடதாசி வேலை

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவை எப்போதும் இருக்கட்டும்: அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் எடுத்த பிரதி, குடும்பத்தில் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், வாக்காளர் இடாப்புப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கிளினிக் கொப்பி, கடைசி மின்சாரப் பட்டியல். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. மூலத்தைக் காட்டுங்கள், கொடுக்க வேண்டாம். வதிவிடச் சான்றிதழ் மட்டும் முன்கூட்டியே எடுத்து வைக்கத் தேவையில்லை, எந்த அலுவலுக்கு என்று அதில் எழுத வேண்டும், பழையதை ஏற்கமாட்டார்கள். அதில் கிராம உத்தியோகத்தரின் கையெழுத்தோடு பிரதேச செயலாளரின் மேலொப்பமும் கேட்கப்படும் என்பதால் இரண்டு இடம் போக வேண்டிவரும். கிராம உத்தியோகத்தருக்கும் கள நாள், கந்தோர் நாள் என்று பிரிவு உண்டு, கதவில் ஒட்டியிருக்கும். அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கடிதம் நீளமாக இருக்கக் கூடாது. மேலே வலப்பக்கம் முகவரி, தொலைபேசி, திகதி. இடப்பக்கம் "பிரதேச செயலாளர்" என்று பதவியை எழுதுங்கள், ஆளின் பெயர் வேண்டாம். நடுவில் ஒரு தலைப்பு: "செவிப்புலன் கருவி பெறுவது தொடர்பாக". பிறகு:

"நான் மேற்படி முகவரியில், இன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவில் வசிக்கிறேன். எனது மகனுக்கு வயது 9. இரு காதும் கேட்பதில்லை என வைத்திய அதிகாரி உறுதிப்படுத்திய படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. எனது தொழில் கூலி. கருவி ஒன்றைப் பெற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இணைப்புகள்: 4."

அவ்வளவுதான். குடும்பக் கதை முழுவதையும் எழுதினால் கேட்பது என்ன என்று தேட வேண்டிவரும். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை. வீடும் கருவியும் ஒன்றாகக் கேட்டால் கடிதம் ஒரு பிரிவின் கோப்புக்குள் போய்விடும், மற்றப் பிரிவு அதைப் பார்க்காது.

இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கள். சில இடங்களில் "அதெல்லாம் தேவையில்லை, வச்சிட்டுப் போங்க" என்பார்கள். சிரித்த முகத்தோடு நின்றால் அடித்துத் தருவார்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு தைத்து வையுங்கள். பதில் வந்தால் அதன் மேலே "எனது இல." என்று ஒன்று இருக்கும், அதுதான் உங்கள் கோப்பின் இலக்கம். அடுத்த கடிதத்தில் அதையே "உமது இல." என்று போட்டு எழுதினால், உத்தியோகத்தர் மாறினாலும் கடிதம் பழைய கோப்பிலேயே போய்ச் சேரும். போனில் விசாரிக்கும்போதும் பெயரைச் சொல்வதைவிட இந்த இலக்கத்தைச் சொன்னால் சீக்கிரம் தேடுவார்கள்.

இரண்டு மாதம் கழிந்தும் சத்தமில்லை என்றால் மீண்டும் அதே விண்ணப்பத்தை எழுத வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கோரிக்கை கொடுங்கள். "இன்ன திகதியில் நான் கொடுத்த கடிதத்தின் தற்போதைய நிலை என்ன, அது எந்த உத்தியோகத்தரிடம் உள்ளது, இந்த ஆண்டில் இந்த உதவிக்குத் தெரிவு செய்யப்பட்டோர் எத்தனை பேர், தெரிவுக்கான விதிமுறை என்ன" என்று நான்கு கேள்வி போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு செயலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் உண்டு, படிவம் கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாளிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, போயா, அரச விடுமுறை எல்லாம் கழித்து எண்ணுங்கள். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, அடுத்த 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு எழுத வேண்டும். அதைத் தவறவிட்டு நேரே கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதினால், முதலில் இங்கே கேளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.